ஜனவரியில் திரும்பிப் போகிற மருமகனுக்கு

மருமகனே,

பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாய் என்று உன் அம்மா நேற்று ராத்திரி சொன்னாள். நல்ல முடிவு. டெஸ்டில் விழுந்து அதே ஆறு மாத டெர்மை மறுபடி படிப்பதுதான் ரெலிகேஷன். அந்த வார்த்தை ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ பதவி உயர்வு மாதிரிதான் கேட்கும். மீதிப் பேருக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு எதற்கு இங்கே எழுதுகிறேன்? நேரில் சொன்னால் "சரி மாமா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். கடக்வாஸ்லாவில் முப்படைக்கும் அதிகாரிப் பயிற்சி கொடுக்கிற என்.டி.ஏ.வுக்கு (தேசியப் பாதுகாப்பு அகாடமி) புதிதாகப் போகிற பிள்ளைகள் வேறு இதைப் படிக்கிறார்கள். அதனால் நீ தங்கியிருந்த பிரிவான ஸ்குவாட்ரன், கோர்ஸ் நம்பர் எதுவும் எழுதமாட்டேன்.

ஓட்டத்தில் நீ தேறினாய், அணிவகுப்புக்கான டிரில் ஸ்குவேர் டெஸ்டும் முடிந்தது. விழுந்தது நீச்சலில். அதுவும் கடற்படைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன்.

உனக்குப் பத்து வயது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நிற்கிறாய். கீழே தண்ணிக்குள் கிடக்கிற பயல்கள் "குதில, குதில" என்று கத்துகிறார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அது பயந்த பார்வை இல்லை, உத்தரவு கேட்கிற பார்வை. நான் பம்புசெட் நிழலில் நின்ற உன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், இறங்கு" என்றேன். அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நீ குடுக்கையை அவிழ்த்துவிட்டுப் போனாய். அதற்கப்புறம் கிணற்றுப் பக்கம் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. பிறகு என்.டி.ஏ.வுக்கு என்று தயார் செய்தபோது உன் 2.4 கிலோமீட்டரை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேனே தவிர, தண்ணீரை நினைக்கவே இல்லை. தப்புதான்.

ஆனால் உனக்கும் ஒரு டெர்ம் முழுக்க இருந்தது. நீச்சலே தெரியாமல் வருகிறவர்களுக்கு அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லா இருக்கேன் மாமா" என்பதைத் தவிர வேறு ஏதாவது சொன்னாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சரி, கேள்.

மூச்சை அடக்கிக்கொண்டு நீந்துகிறாய். புதிதாகப் பழகுகிற எல்லோரும் செய்வதுதான். அடக்க அடக்க உள்ளே கரியமில வாயு ஏறும், உடம்பு பதறும், எட்டு மீட்டரிலேயே தலை மேலே வந்துவிடும். தண்ணிக்குள் முகம் இருக்கும்வரை மூக்கால் விட்டுக்கொண்டே இரு. வெளியே வந்ததும் வாயால் ஒரே இழுப்பு. மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு இதை மட்டும் இருபது இருபதாக ஐந்து தடவை செய். இது பழகாமல் கை வீசிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது தலை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நீந்தினால் தலை ஏறும், இடுப்பு இறங்கும், தராசு மாதிரி. குளத்தின் தரையைப் பார். சுவரை உதைத்து, கையை நீட்டி, ஒன்றும் செய்யாமல் ஐந்து மீட்டர் வழுக்கிப் போ. உன்னை மாதிரி சதைப்பிடிப்பு இல்லாத ஓட்டக்காரனுக்குக் கால் தானாகவே மூழ்கும். கணுக்காலும் விறைப்பாக இருக்கும், அதனால்தான் நீ எவ்வளவு உதைத்தாலும் நகர்வதில்லை. தினமும் ராத்திரி மண்டியிட்டு, பாதத்தை நீட்டி, குதிங்கால்மேல் ஒரு நிமிஷம் உட்கார். காலை மாற்றி மாற்றி உதைக்கிற நீச்சலில் உதைப்பது தொடையிலிருந்து வரவேண்டும். முட்டியை மடக்கி சைக்கிள் மிதிக்காதே.

கை வீச்சு கடைசிதான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலேயே, அதாவது தவளை நீச்சலிலேயே தொடங்கு. இழு, மூச்சு வாங்கு, இதில் மட்டும் முட்டியை மடக்கித் தவளை மாதிரி உதை, பிறகு இரண்டு எண்ணும்வரை சும்மா வழுக்கு. அந்த இரண்டை விழுங்கிவிட்டு அவசரப்படுகிறவன்தான் பாதியில் சுவரைப் பிடிக்கிறான். 25 மீட்டரை இருபது வீச்சுக்குள் முடித்தால் நீ அமைதியாக நீந்துகிறாய் என்று அர்த்தம்.

அடுத்து, நீ குதிக்க வேண்டிய பத்து மீட்டர் உயரப் பலகை. நீ இயற்பியல் படித்தவன், கணக்குப் போட்டுப் பார்: விழுவதற்கு 1.4 விநாடி, தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வலிக்கும், ஆனால் உடம்பு கோணினால்தான் வலிக்கும். கீழே குனிந்து பார்க்கிறவன் முன்னால் சாய்ந்து நெஞ்சிலோ முகத்திலோ அடி வாங்குவான். எதிரே தெரிகிற ஏதாவது ஒன்றைப் பார். எம்பாதே, ஓர் அடி எடுத்து வை, போதும். கால்கள் ஒட்டி, விரல் நுனி கீழ்நோக்கி, கை உடம்போடு. உள்ளே போனதும் மூக்கால் ஊது. மேலே நிற்கிற நேரம் கூடக் கூடக் கால் நடுங்கும். ஏறியதும் மூன்று மூச்சு, அப்புறம் போய்விடு.

இதை மட்டும் சரி செய்துவிட்டால் இந்த ஆறு மாதம் உனக்குக் கிடைத்த சொத்து. படித்த பாடத்தையே மறுபடி படிக்கப் போகிறாய். கோர்ஸ்மேட்கள் திணறுகிற நேரத்தில் உனக்குக் கொஞ்சம் மூச்சு இருக்கும். அதைக் கேன்டீனில் கரைக்காதே. வியாஸ் நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரமாவது உட்கார். குதிரையேற்றம், பாய்மரப் படகு இரண்டையும் வெளியே காசு கொடுத்துக் கற்க நம்மால் முடியாது. எல்லாக் கிளப்பிலும் பெயர் கொடுக்கிறவன் எதிலும் தேறமாட்டான், ஒரு விளையாட்டு, ஒரு கிளப் போதும். மூன்று டெர்ம் வரைக்கும் முப்படைக்கும் பொதுப் பயிற்சிதான், நாலாவதில்தான் பிரிப்பார்கள். அதற்குள் படகுப் பயிற்சி நடக்கிற பீக்காக் பே தண்ணீர் உனக்குப் பழகியிருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே வலித்தால் மறைக்காதே. உள்பக்கம் நீளமாக வலித்தால் பெரும்பாலும் தசைதான். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும், விரல் வைத்தாலே துள்ளுகிற மாதிரி வலித்தால் எலும்பில் கீறலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போ. முதலிலேயே காட்டுகிறவனுக்குச் சில வாரம் போகும். பல்லைக் கடித்து ஓடுகிறவனுக்கு இன்னொரு டெர்ம் போகும். இன்னொன்றை உன் அம்மா தாங்கமாட்டாள். ஏன், நானும்தான்.

புதிதாக வருகிற கோர்ஸில் இந்தி தெரியாத நம்மூர்ப் பிள்ளை ஒருவனாவது இருப்பான். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட் என்கிற டிரில் உத்தரவு எல்லாவற்றையும் முதல் வாரமே அவனுக்குச் சொல்லிக் கொடு. சீனியர் மாதிரி நின்று சொல்லாதே, இப்போது அவன்தான் உன் கோர்ஸ்மேட். பழைய கோர்ஸ் பயல்கள் ஒரு டெர்ம் மேலே நிற்பதைப் பார்க்கும்போது நெஞ்சு எரியும். அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கிணற்றில் ரெண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. நீ கிளம்ப ஒன்பது நாள் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்கு வா. மேலே கயிறு கட்டி வைத்திருக்கிறேன், குடுக்கையும் இருக்கிறது, வெட்கப்படாதே. நான் இல்லாமல் தனியாக இறங்காதே.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவளும் துண்டை எடுத்துக்கொண்டு வருகிறாளாம்.

மாமா