செல்விக்கு, மங்கம்மாளைப் பற்றி

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். பள்ளிக்கு நீ எழுதிய ராணி மங்கம்மாள் நாடகத்தை அனுப்பி இத்தனை நாளாகியும் பதில் இல்லை என்று நீ கமலாவிடம் புலம்பியது என் காதுக்கு வந்துவிட்டது. அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்னதாச்சு என்று தெரிந்தும் சொல்கிறாயே, உனக்கு வேண்டியதுதான். படிக்காமல் இல்லைடி. படித்துவிட்டு எரிச்சலில் இருந்தேன்.

முதல் காட்சியிலேயே நம் மதுரை நாயக்க ராணியைக் குதிரையில் ஏற்றிக் கையில் வாளைக் கொடுத்துவிட்டாய். ஆண்டு விழாவுக்கு எடுப்பாகத்தான் இருக்கும், உங்கள் எச்.எம். அம்மாவும் விசிலடிப்பார். ஆனால் இது போன வருஷத்து வேலு நாச்சியார்தானே? சேலையை மட்டும் மாற்றியிருக்கிறாய்!

இரண்டாம் காட்சி அதைவிட மோசம். பணிந்து கும்பிடச் சொல்லி டெல்லி பாதுஷா அனுப்பிய செருப்பை மங்கம்மாள் எட்டி உதைக்கிறாள். அந்தச் செருப்புக் கதை அவள் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனுடையது. யானை மேல் ஊர்வலமாக வந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, "இன்னொன்று எங்கே?" என்று கேட்டானாம். கதையோ நிஜமோ, இளரத்தத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. அம்மா செய்தது இதற்கு நேர்மாறு. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தபோது, இவள் திருச்சியிலிருந்து கப்பமும் பரிசும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதோடு நிற்கவில்லை. அந்த நட்பை வைத்தே, தஞ்சாவூர்க்காரர்கள் பிடித்து வைத்திருந்த தன் ஊர்களையும் மீட்டுக்கொண்டாள். கப்பம் கட்டினாள் என்று மேடையில் சொல்ல உனக்குக் கூச்சம். எனக்கென்னவோ அவளுடைய பெரிய கெட்டிக்காரத்தனமே அதுதான் என்று படுகிறது.

அவள் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார். 1682-ல் புருஷன் சொக்கநாதன் போய்ச் சேர்ந்தான். போகும்போது மைசூர், தஞ்சை, ராமநாதபுரத்துச் சேதுபதி என்று சுற்றியிருந்த எல்லாரிடமும் எதையாவது இழந்துவிட்டுத்தான் போனான். 1689-ல் மகனை அம்மை கொண்டுபோனது. மருமகள் முத்தம்மாள் நிறைமாசம். புருஷனோடு தீயில் இறங்குவேன் என்று அவள் நிற்க, பிரசவம் வரைக்குமாவது என்று மன்றாடித் தடுத்து வைத்தார்கள். பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே அவளும் செத்தாள். இதையெல்லாம் நீ ஒரு வரியில், அதுவும் பின்னணிக் குரலில் தள்ளிவிட்டாய். மிச்சம் இருந்தது ஒரு கைக்குழந்தை. அதற்குப் பட்டம் கட்டி, அதன் பெயரால் 1706 வரை ஆண்டாள். சிம்மாசனம் அவளுடையது இல்லை, செல்வி. பேரனுக்காகக் காத்து வைத்திருந்த இடம். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சண்டையே போடவில்லை என்று சொல்லவில்லை. போட்டாள், ஆளைப் பார்த்துப் போட்டாள். திருவிதாங்கூர் வழக்கமான கப்பத்தைக் கட்டாமல் இழுத்தடித்தது. 1697-ல் தளவாய், அதாவது படைத்தலைவர், நரசப்பையாவை அனுப்பி வாங்கினாள், கூடவே பீரங்கிகளும் வந்தன. 1700-ல் தஞ்சாவூரோடு மோதல். நரசப்பையா கொள்ளிடத்தைக் கடந்து அங்கே போய்ச் சூறையாட, தஞ்சை மந்திரி பணத்தை அள்ளிக் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். சரி, இனி ஜென்மப் பகைதான் என்று நினைப்பாய். அதுதான் இல்லை! மைசூர் சிக்கதேவராயர் காவிரியை மறித்து அணை போட்டதும், காய்ந்தது திருச்சி வயலும் தஞ்சாவூர் வயலும் சேர்ந்துதான். நேற்று அடித்துக்கொண்ட இரண்டு அரசுகளும் அணையை உடைக்கச் சேர்ந்து படை திரட்டின. படை போய்ச் சேருமுன் வெள்ளமே அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்படி ஒரு காட்சி கிடைத்தும் விட்டுவிட்டாயே, பாவி. தண்ணீருக்காக எதிரியோடு கை கோக்கும் ராணியைவிட வாள் சுழற்றும் ராணியா பெரிசு? நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காவிரி என்றால் விளக்கவே வேண்டாம்.

1702-ல் ராமநாதபுரத்தோடு மோதப் போனது மட்டும் சறுக்கல். கிழவன் சேதுபதியிடம் படை தோற்றது, நரசப்பையா களத்திலேயே மாண்டார். அவளுடைய வலது கையே போனது. அதையும் நாடகத்தில் வை. தோற்காத ராணி பொம்மை மாதிரி இருப்பாள்.

உள்ளூர் நிர்வாகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. 1705-ல் மதுரைப் பட்டுநூல்காரர்கள், அதான் சௌராஷ்டிரர்கள், ஆவணி அவிட்டம் செய்தார்கள். அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று அதிகாரி 18 பேரைப் பிடித்து அடைத்துவிட்டார். ராணி சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி விசாரிக்கச் சொன்னாள். உரிமை உண்டு என்று தீர்ப்பாகி, ஓலையும் எழுதிக் கொடுக்கப்பட்டது. நெசவும் வியாபாரமும் அவர்கள் கையில். அவர்களைப் பகைத்துக்கொண்டு மதுரையில் என்ன நடக்கும்? நியாயமும் பார்த்தாள், கணக்கும் பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீனாட்சி கோயிலுக்குச் செய்த கையோடு திருச்சி தர்காவுக்கும் மானியம் விட்டாள். பூஷே பாதிரியாரைத் திருச்சியில் மரியாதையாக வரவேற்றதும் அவள் ஆட்சியில்தான். சேதுபதியின் சீமையில் அருளானந்தர் பாதிரியாரை 1693-ல் வெட்டிக் கொன்றதை நினைத்துக்கொண்டு இதைப் பார்.

இப்போது வெற்றிலைக்கு வருகிறேன். என் எரிச்சலுக்கு மூல காரணமே அதுதான். இடது கையால் தெரியாமல் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம், அந்தப் பாவம் தீரச் சாலை வெட்டிச் சத்திரம் கட்டினாளாம். நீயும் உருக்கமாக நாலாம் காட்சியில் அழவைத்திருக்கிறாய். கன்னியாகுமரி வரைக்கும் நிழல்மரம் வைத்துச் சாலை போட்டால் யார் நடப்பார்கள்? யாத்ரீகன் நடப்பான், சரி. சரக்கு வண்டி போகும், சுங்கம் வரும், திருவிதாங்கூருக்குப் படையும் அதே வழியாகத்தான் போகும். ஒரு ஆம்பிளை ராஜா செய்திருந்தால் தொலைநோக்கு என்று பாடத்தில் போடுவோம். அவள் செய்ததால் பரிகாரம்! அவளுடைய அதிகாரி அச்சையாவோடு அவளைச் சேர்த்துப் பேசும் வம்பும் இதே ரகம். அதையாவது நீ தொடவில்லை, நன்றி.

முடிவை என்ன செய்யப் போகிறாய்? பேரன் வளர்ந்த பிறகும் அவள் அதிகாரத்தை விடவில்லை, அதனால் அடைத்து வைத்தார்கள், எட்டாத தூரத்தில் சோற்றை வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். அது அப்படியே நடந்ததா என்பது வேறு. ஆனால் பேரன் பெயரால் ஆண்டவளுக்கு, பேரன் வயசுக்கு வரும் நாள்தான் ஆபத்தான நாள். சுல்பிகார் கானைச் சமாளித்தவளுக்கு வீட்டுக்குள் இருந்த பேரன் விஜயரங்கனைச் சமாளிக்க வழி தெரியவில்லை. ராத்திரி இதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். நம் விசாலம் அத்தையும் கடைச் சாவியும் ஞாபகம் வந்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன விஷயம் இன்னொன்று. எல்லாக் காட்சிக்கும் "மதுரை அரண்மனை" என்று போட்டிருக்கிறாய். சொக்கநாதன் காலத்திலேயே தலைநகர் திருச்சிக்குப் போய்விட்டது. மதுரைத் தமுக்கம் அரண்மனையில் ஒரே ஒரு காட்சி வைத்துக்கொள், உன் மதுரைப் பாசத்துக்கு.

பொங்கல் லீவில் வருகிறேன், உட்கார்ந்து திருத்துவோம். அதற்குள் நரசப்பையாவுக்கு நல்ல பையனாகப் பார்த்து வை. வசனம் மறக்காதவன் வேண்டும். உன் மகன் வேண்டாம், போன வருஷம் பட்டது போதும். கமலாவிடம் நான் பதில் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா