பருவ நிறைவு மடல்: ஆப்பிரிக்கா ஆய்வும் வீட்டிலேயே முடிந்து வரும் சார்ட்டுகளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் முடியப் போகிறது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. கட்டுரை, ஓவியம், வினாடி வினா என்று பரிசு வாங்கியவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. நூலகத்துக்குப் புது அலமாரிகள் வந்துவிட்டன. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து செய்துவரும் ஆப்பிரிக்கா ஆய்வைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கண்காட்சிக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

முதலில், வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஐந்து பேர் ஒரு குழு. ‘ஆப்பிரிக்காவின் பழக்கவழக்கங்கள்’ என்று தலைப்பு எழுதிவந்தால் ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார். 54 நாடுகளும் இரண்டாயிரம் அளவில் மொழிகளும் கொண்ட கண்டத்துக்குப் பொதுவாக ஒரு உடை, ஒரு சாப்பாடு, ஒரு திருவிழா கிடையாது. அதனால் ஒரு குழுவுக்கு ஒரு நாடு, அதில் ஒரு மக்கள், அவர்களிடம் ஒரு வழக்கம். அதையும் கேள்வியாகவே எழுத வேண்டும். ‘மாலி நாட்டின் கட்டடக் கலை’ என்பது கேள்வி இல்லை. ‘ஜென்னே ஊரின் மண் மசூதிக்கு ஏன் ஆண்டுதோறும் புதிதாக மண் பூசுகிறார்கள், அதை யார் செய்கிறார்கள்?’ என்பது கேள்வி. மழையில் கரையும் சுவர், ஊரே கூடிப் பூசும் நாள், சாரமாக ஏறி நிற்க உதவும்படி சுவரில் நீட்டி விட்ட மரக்கட்டைகள் என்று எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும்.

அடுத்தது குறிப்பு அட்டை. அஞ்சலட்டை அளவுதான். முன்பக்கம் ஒரே ஒரு செய்தி, பிள்ளையின் சொந்த வாக்கியத்தில். பின்பக்கம் அதை எங்கே படித்தது என்று குறைந்தது இரண்டு இடங்கள். அதற்குக் கீழே ‘இன்னும் புரியாதது’ என்று ஒரு வரி. ஒருவர் எழுதியதைக் குழுவில் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அட்டை சார்ட்டில் ஏறும். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்த அட்டைகளுக்குத்தான். சார்ட்டின் அழகுக்கு மதிப்பெண்ணே இல்லை.

சிக்கல் இங்கேதான் வருகிறது. சில வாரங்களாகப் பள்ளிக்கு வரும் சார்ட்டுகள் பெரியவர்கள் செய்தவை. வழவழப்பான பேனர்கள், கணினியில் அச்சடித்த பத்திகள், தெர்மாகோல் குடிசை, பக்கத்தில் ஒரு பொம்மைச் சிங்கம். ‘இதில் நீ எழுதியது எது?’ என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் ‘உங்கள் பையன் பங்கு இன்னும் வரவில்லையே’ என்று பெற்றோருக்குள் வாக்குவாதம் நடப்பதும் காதுக்கு வருகிறது. பங்கு வராவிட்டால் அதைக் குழுவில் பேசித் தீர்ப்பது பிள்ளைகளின் வேலை. முடியாவிட்டால் ஆசிரியர் இருக்கிறார்.

உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேலை முடித்துக் களைத்து வந்து, பிள்ளைக்காகக் கண் விழித்து வெட்டி ஒட்டுகிறீர்கள். ஆனால் அதனால் என்ன பறிபோகிறது என்பதற்கு ஒரு அட்டையைக் காட்டுகிறேன்.

எத்தியோப்பியாவை எடுத்த குழுவில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: ‘நாம் காலை 7 மணி என்று சொல்லும் நேரத்தை அங்கே காலை 1 மணி என்கிறார்கள்.’ வீட்டில் யாரோ சிவப்புப் பேனாவால் 1-ஐ அடித்து 7 ஆக்கிவிட்டார்கள். பிள்ளை எழுதியதுதான் சரி. அங்கே பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கமான நாடு என்பதால் சூரியன் உதிக்கும் நேரம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாது. அதனால் அந்தக் கணக்கு அவர்களுக்கு வசதியாகவே இருக்கிறது. அதே குழுவில் இன்னொரு அட்டையில் ‘13 மாதங்கள்’ என்று இருந்ததும் ‘12’ ஆகத் திருத்தப்பட்டு வந்தது. அதுவும் சரியாக எழுதப்பட்டதுதான். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதங்கள், கடைசியில் 5 நாள், நெட்டாண்டில் 6 நாள் கொண்ட குட்டி மாதம் ஒன்று. புத்தாண்டு செப்டம்பர் 11-இல், சில ஆண்டுகளில் 12-இல். அவர்களின் ஆண்டு எண் நம் நாட்காட்டியைவிட 7 அல்லது 8 குறைவாக இருக்கும். இன்னொரு மக்கள் காலத்தை வேறு மாதிரி எண்ணுகிறார்கள் என்று பிள்ளை கண்டுபிடித்து வந்தது. அதைப் பெரியவர்கள் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள்.

யாரும் கை வைக்காமல் விட்ட வேலையும் ஒன்று இருக்கிறது. கானா குழு அக்கான் மக்களின் பெயரிடும் வழக்கத்தை எடுத்தது. பிறந்த கிழமையை வைத்துக் குழந்தைக்கு ஒரு பெயர் அமையும். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. சனிக்கிழமை என்றால் குவாமே, அமா. இதைச் சோதித்துப் பார்க்கப் பிள்ளைகள் பழைய நாட்காட்டிகளைத் தேடினார்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்தது 8 ஏப்ரல் 1938, வெள்ளிக்கிழமை. சரியாகப் பொருந்தியது. கானாவின் விடுதலைத் தலைவர் குவாமே நிக்ருமாவின் பிறந்த நாள் என்று புத்தகங்களில் இருப்பது 21 செப்டம்பர் 1909. பார்த்தால் அது செவ்வாய்க்கிழமை! அப்படியானால் அவர் பெயர் குவாபெனா என்றல்லவா இருக்க வேண்டும்? குழுவில் இரண்டு நாள் சண்டை. பிறகு நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தேதி ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் உத்தேசமாகக் குறித்தது என்றும், 18 செப்டம்பர் சனிக்கிழமையே பொருத்தம் என்றும் நிக்ருமாவே எழுதியிருக்கிறார். அச்சில் வந்த தேதியைவிட மக்களின் வழக்கம் நம்பகமாக இருந்த இடம் இது. அவர்களின் சார்ட் கோணல்மாணலாக இருக்கிறது, பசை வழிந்திருக்கிறது. நுழைவாயிலில் முதலில் வைக்கப்போவது அதைத்தான்.

இனி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வரும் திங்கள் முதல் ஆய்வுப் பொருள்கள் எதுவும் வீட்டுக்கு வராது. அட்டை, சார்ட், பசை எல்லாம் வகுப்பு அலமாரியில்தான் இருக்கும். வெளியே அச்சடித்த பேனர்கள் கண்காட்சியில் வைக்கப்பட மாட்டாது. இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ அப்படியே எடுத்த பத்திகளுக்கு மதிப்பெண் இல்லை. எந்த ஊர், எந்த மக்கள் என்ற விவரம் இல்லாத படத்தை ஒட்டக் கூடாது. முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, இலைப் பாவாடை கட்டி எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். இன்னொருவரின் தோல் நிறம் நமக்கு மாறுவேடம் கிடையாது. அப்படி வந்தால் முகம் கழுவி, சீருடை மாற்றிய பிறகே உள்ளே அனுமதிப்போம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உதவவே கூடாது என்று சொல்லவில்லை. உதவி வேறு இடத்தில் தேவைப்படுகிறது. பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். ‘இதை எப்படித் தெரிந்துகொண்டாய்?’, ‘அந்த நாட்டில் எல்லோருமே இப்படித்தானா, சிலரா?’, ‘அவர்கள் இதை ஏன் செய்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நீங்கள் தேடிச் சொல்லிவிடாதீர்கள். ‘இன்னும் புரியாதது’ என்ற வரி அதற்காகத்தான் இருக்கிறது.

கைவேலையாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், மேற்கு ஆப்பிரிக்காவின் ஓவாரே ஆட்டத்தைச் சேர்ந்து ஆடிப் பாருங்கள். முட்டை அட்டையில் ஆளுக்கு 6 குழி, குழிக்கு 4 விதை, மொத்தம் 48. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை முழுவதும் அள்ளி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்லுங்கள். கடைசி விதை எதிராளியின் குழியில் விழுந்து அங்கே 2 அல்லது 3 ஆனால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்திய குழியும் எதிராளியுடையதாக இருந்து, அதிலும் 2 அல்லது 3 இருந்தால் அதையும் எடுக்கலாம். 25 சேர்த்தவருக்கு வெற்றி. புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் ஒன்று உண்டு. எதிராளியின் பக்கம் முழுவதும் காலியாகிவிட்டால், அவருக்கு விதை போய்ச் சேரும்படி ஆட முடிந்தால் அப்படித்தான் ஆட வேண்டும். இந்த விதியைப் பெரியவர்கள் மறப்பார்கள், பிள்ளைகள் நினைவூட்டுவார்கள்.

பழைய பத்திரிகைகள், உலக வரைபடங்கள், அட்டைப் பெட்டிகள் கொடுத்தனுப்பிய பெற்றோருக்கும், ஆப்பிரிக்க நாடுகளில் பணியாற்றிய அனுபவத்தை வகுப்பில் வந்து பகிர்ந்துகொண்ட பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து பிள்ளைகள் எழுதிய கேள்விகளே பத்துப் பக்கத்துக்கு இருக்கின்றன. இதுவரை வீட்டில் செய்து அனுப்பிய சார்ட்டுகளுக்காக எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் குறைக்கப்படாது. அட்டைகளைப் புதிதாக எழுத வகுப்பு நேரத்திலேயே வாய்ப்புக் கொடுக்கிறோம்.

கண்காட்சி நாளில் ஒவ்வொரு குழுவும் எட்டு நிமிடம் பேசும். கேள்விகளை நேரடியாகப் பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் தடுமாறினால் கொஞ்சம் காத்திருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: நூலகத்தின் பெரிய அட்லஸ் இரண்டு யார் வீட்டிலோ இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பவும். மாலி குழு நைஜர் ஆற்றின் வழியைக் குறிக்க முடியாமல் காத்திருக்கிறது.