அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டர்ஹாமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு அம்மா, தம்பி எல்லோரும் நலமா? வேலை பழகிவிட்டது. பழைய புகையிலைக் கிடங்குகளில்தான் இந்த ஊரில் பல கம்பெனிகள் நடக்கின்றன. மண் நம் பக்கம் போலவே செம்மண்.

காலமெல்லாம் பத்திரம் எழுதியவர் நீங்கள். அதனால் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஊருக்கு வடக்கே ஸ்டாக்வில் என்றொரு பண்ணை. 1787-இல் ரிச்சர்ட் பென்னஹன் என்ற வியாபாரி வாங்கிய நிலம். அவர் மகளை டங்கன் கேமரன் என்ற வக்கீல் கட்டினார். இரண்டு பக்கச் சொத்தும் சேர்ந்தது. பேரன் பால் கேமரன் காலத்தில், 1860-இல், ஏறக்குறைய 30,000 ஏக்கர். கூடவே சுமார் 900 அடிமைகள்.

அந்த அடிமைகள் குடியிருந்த மாடிவீடுகளில் நான்கு இன்னும் நிற்கின்றன. செங்கல் அறுத்தவர்களின் விரல் தடம் கல்லில் அப்படியே இருக்கிறது அப்பா. அதன்மேல் என் விரலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேமரன் குடும்பத்தின் கடிதங்களும் கணக்குகளும் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். பேனா மட்டும் கூடாது, பென்சில்தான். அடிமைகளின் பட்டியலில் பெயர் இருக்கும், வயது இருக்கும், குடும்பப் பெயர் பெரும்பாலும் இருக்காது. முதலாளி தன் சொத்தைச் சரிபார்க்க எழுதிவைத்தது அது. அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே 1830 முதல் இந்த மாநிலத்தில் குற்றமாக இருந்தது. அதனால் அவர்கள் கையால் எழுதியது மிகக் குறைவு. இன்று அவர்களின் வாரிசுகள் தங்கள் பாட்டன் பாட்டியைத் தேடுவதும் இதே தாள்களில்தான். அதை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, இவை செல்லரிக்காமல் தப்பியதே என்று நிம்மதியும் வருகிறது.

மேரி வாக்கர் என்ற அடிமைப் பெண் 1848-இல் கேமரன் குடும்பத்தோடு பிலடெல்பியா போன இடத்தில் தப்பிவிட்டார். பெற்ற தாயும் பிள்ளைகளும் இங்கே. உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல்தான் ஒரு மகளும் மகனும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். பால் கேமரன் 1844-இல் 114 பேரைப் பருத்திக்காக அலபாமாவுக்கு அனுப்பினார். விடுதலைக்குப் பிறகு, 1870-களில் அந்த நிலத்தை விற்றபோது, அங்கே உழைத்தவர்களே பணம் கொடுத்து வாங்கினார்கள். அவர்கள் வம்சத்தார் அந்த நிலத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அந்த விற்பனை பற்றிய கடிதங்களைத் தேடிப் படிக்க அடுத்த மாதம் விடுப்பு எடுக்கிறேன். என்ன விலை, எத்தனை தவணை, எல்லை எது என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைத்தால் குறித்து அனுப்புகிறேன்.

பணம் போட்டிருக்கிறேன். அம்மாவின் கண்ணாடியை இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள்.

உங்கள் அன்பு மகள்