எங்கள் அம்மாவின் விண்ணப்பம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, பல ஆண்டுகளாக எங்களைப் போன்றவர்களுக்குத் தியானமும் சைவ சித்தாந்தமும் கற்பித்து வரும் எங்கள் ஆசிரியை, நிலையாக இங்கேயே தங்க உரிமை கோரி விண்ணப்பித்திருக்கிறார். நாங்கள் அவரை அம்மா என்றே அழைக்கிறோம். அவருடைய மாணவர்களில் ஒருவன் என்பதால், நடுநிலையாளனைப் போலக் காட்டிக்கொள்ளாமல், அவர் பக்கம் நின்றே இதை எழுதுகிறேன்.

எழுபது வயதைக் கடந்த அவர் இன்றும் விசா நீட்டிப்பின் பேரிலேயே வாழ்கிறார். காலாவதி நாள் நெருங்கும்போதெல்லாம் பாடங்கள் நின்றுபோகின்றன. ஆவணங்களைத் திரட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. இதற்கு வேறு வழி இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். பிறநாட்டவர் எவரும் விண்ணப்பித்துப் பெறக்கூடிய பொதுவான நிரந்தரக் குடியிருப்பு உரிமை நம் நாட்டில் இல்லை. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரை மணந்து குறைந்தது 2 ஆண்டுகள் ஆனவர்களுக்கும் உரியது. 2016-இல் அறிவிக்கப்பட்ட, அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்கான குடியிருப்புத் திட்டமோ, 18 மாதங்களில் 10 கோடி ரூபாய் அல்லது 36 மாதங்களில் 25 கோடி ரூபாய் முதலீடு செய்து, ஆண்டுதோறும் 20 இந்தியருக்கேனும் வேலை தருபவர்களுக்கானது. அம்மாவின் சொத்து இரண்டு அலமாரிப் புத்தகங்கள் மட்டுமே.

எனவே எஞ்சியிருப்பது, நெடுங்காலம் இங்கே வசித்த பிறநாட்டவர் குடியுரிமை பெற வழி செய்யும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது விதி. தம் தாயாரின் இறுதிக் காலத்தில் அருகிலிருந்து பணிவிடை செய்ய நான்கு ஆண்டுகள் பிறந்த நாட்டுக்குச் சென்றுவிட்டதால், அம்மாவின் கணக்கில் ஓர் ஆண்டு குறைகிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. எங்களில் பலருடைய தமிழை அவர்தான் திருத்துகிறார்.

அந்த ஓராண்டுக் குறைக்கும் அதே பிரிவிலேயே வழி இருக்கிறது. அறிவியல், தத்துவம், கலை, இலக்கியம், உலக அமைதி, மனித முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சிறப்பான தொண்டாற்றியவர் என்று மத்திய அரசு கருதினால், நிபந்தனைகள் அனைத்தையுமோ சிலவற்றையோ தளர்த்தலாம். தத்துவம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கும்போது, அதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவருக்காக அதைச் சுட்டிக்காட்டுவதைச் சலுகை கேட்பதாக நான் நினைக்கவில்லை. முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை: பிரான்சில் பிறந்து, காவிரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை 1950-இல் இணைந்து நிறுவிய அபிஷிக்தானந்தர் 1960-இல் இந்தியக் குடிமகனானார்.

ஆன்மிக குரு என்றாலே ஐயத்தோடு பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடியேற்ற விதிமீறல் வழக்கில் 1985-இல் அமெரிக்காவை விட்டு வெளியேற நேர்ந்த ரஜனீஷை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. அதனால்தான் அம்மாவின் வரவு செலவு, நன்கொடைகள், மாணவர்களின் வாக்குமூலம் என எதை வேண்டுமானாலும் அதிகாரிகள் துருவிப் பார்க்கட்டும் என்கிறோம். குடியுரிமை கிடைத்தால் பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டைக் கைவிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த முடிவை எடுக்க அவருக்கு எங்களைவிடக் குறைந்த நேரமே பிடித்தது.

அவருடைய இப்போதைய விசாவுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், 6-ஆம் பிரிவின் தளர்வைப் பரிசீலித்த பிறகே, காரணத்தை எழுத்தில் தெரிவித்து, அதற்குள் முடிவெடுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவன்