பூனைக்குத் தயிர்ச்சோறு இயற்கை உணவு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய்க்கும் பூனைக்கும் கடையில் விற்கும் உலர் தீவனத்தை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே சமைத்து ‘இயற்கை உணவு’ கொடுப்போம் என்ற எண்ணம் நம் ஊர்களில் பரவி வருவதை மனமார வரவேற்கிறேன். 2007ஆம் ஆண்டு மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்த டப்பா உணவைத் தின்று அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை நினைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுப்பதன் அருமை விளங்கும். ஆனால், எது இயற்கை என்பதை நம் அடுக்களையை வைத்து முடிவு செய்கிறோமே தவிர, அந்த விலங்கின் உடலை வைத்து முடிவு செய்வதில்லை என்பதே என் கவலை.

பூனை ஊன் உண்டே வாழப் பிறந்த உயிர். டாரின் என்னும் அமினோ அமிலத்தைப் போதிய அளவில் அதன் உடல் தானே உருவாக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் அது கிடைத்தாக வேண்டும். கேரட்டில் உள்ள சத்தை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வதுபோல் பூனையால் மாற்றிக்கொள்ளவும் முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இந்த இதய நோய்க்கு டாரின் குறைபாடு காரணம் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987இல் நிறுவியபோது, நோயுற்ற பூனைகள் தின்று வந்தவையும் கடைத் தீவனங்களே. டாரின் கொடுத்ததும் அவற்றில் பல தேறின. அதன் பின்னர் நிறுவனங்கள் தம் தீவனத்தில் டாரின் அளவைக் கூட்டிவிட்டன. நாமோ இன்னும் பால்சோறும் தயிர்ச்சோறும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நெத்திலியைப் பிசைந்து வைத்த தட்டில் பூனை மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கினால், செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது என்று கடிந்துகொள்கிறோம். உண்மையில் அது தனக்கு வேண்டியதைத்தான் தின்கிறது.

நாயின் நிலை வேறு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கூழும் சோறும் தின்று வளரும் நம் நாட்டு நாய்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆகவே கறி, முட்டை, சிறிது ஈரல், வெந்த பூசணிக்காய் ஆகியவற்றோடு சோறோ கேழ்வரகுக் களியோ சேர்வதில் தவறில்லை. தவறெல்லாம் மீதமான குழம்பை அதன்மேல் ஊற்றுவதில்தான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, பூனைக்கு இன்னும் கொடியவை. வெந்த கோழி எலும்போ கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும்.

கறி மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தார், எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டுமே வேகவைத்து ஒரு பூனைக்குட்டியை ஆசையாக வளர்த்தனர். சில மாதங்களில் அதன் முன்னங்கால்கள் வளைந்தன; தூக்கினாலே வலியில் கத்தியது. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சுற்றியிருந்த சதையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி வெளிறிக் கிடந்தன. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ மிகக் குறைவு. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுத்துக்கொள்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் முட்டை ஓட்டுப் பொடி சேர்த்திருந்தாலே இதைத் தவிர்த்திருக்கலாம். கறி வேகும்போது டாரின் நீரில் இறங்கிவிடும் என்பதால், வெந்த நீரைக் கொட்டிவிடாமல் சேர்த்தே வைப்பதும் நல்லது.

பச்சைக் கறிதான் உண்மையான இயற்கை உணவு என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. காட்டு விலங்கு தன் இரையை அப்போதே கொன்று தின்கிறது; நம் சந்தைக் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், அது தட்டைக் கழுவும் கையோடு வீட்டுக் குழந்தைகளுக்கும் வந்து சேரும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பச்சை வான்கோழிக் கறியில் செய்த தீவனத்தைத் தின்ற வீட்டுப் பூனை பறவைக் காய்ச்சலால் இறந்தது.

நல்ல மனம் மட்டும் இருந்தால் சமையல் குறிப்பு சரியாகிவிடாது. நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அதே டேவிஸ் வளாகத்தினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஓர் அவசியச் சத்தாவது குறைந்திருந்தது. நூல்களிலும் இணையத்திலும் வந்த குறிப்புகளுக்கே இந்த நிலை என்றால், கைக்கு வந்தபடி சமைப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நம் சந்தையில் கிடைக்கும் மத்தி, கோழி ஈரல், முட்டை, கேழ்வரகு போன்றவற்றைக் கொண்டே நாய்க்கும் பூனைக்கும் தனித்தனியாக, எடைக்கும் வயதுக்கும் ஏற்ற உணவு அளவுப் பட்டியலைத் தமிழில் தயாரித்து, அரசு கால்நடை மருந்தகங்கள் அனைத்திலும் ஒட்டச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்பட்டியல் வெளிவரும் நாளில் தங்கள் நாளிதழும் அதை முழுமையாக அச்சிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.