குடத்தில் கல் போட்ட காகம் வெறும் கதை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், தாகம் எடுத்த காகம் குடத்தில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த கதையைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். படம் ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் அடியில் சின்ன எழுத்தில், "இது கற்பனைதான், உண்மையில் காகத்துக்கு இவ்வளவு யோசிக்கத் தெரியாது" என்று ஒரு குறிப்பு இருந்தது. என் பேத்திக்கு எட்டு வயது. சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தவள், அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்போ நம்ம மாடிக்கு வர்ற காக்காவுக்கு ஒண்ணும் தெரியாதா அப்பாயி?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது. அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

கதையில் வந்ததை ஆராய்ச்சியாளர்கள் செய்தே பார்த்துவிட்டார்கள். 2009இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்ற இருவர், ரூக் என்னும் காக இனத்தில் நான்கு பறவைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே கொஞ்சம் தண்ணீர், தண்ணீர்மேல் ஒரு புழு மிதக்கிறது, அலகுக்கு எட்டாது, பக்கத்தில் கற்கள். நான்குமே கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்துவிட்டன, அதில் இரண்டு முதல் தடவையிலேயே எடுத்தன. போகப் போக சின்னக் கல்லை விட்டுவிட்டுப் பெரிய கல்லைப் பொறுக்கவும் ஆரம்பித்தன, குழாயில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் இருந்தால் அதில் கல் போட்டுப் பயனில்லை என்றும் தெரிந்துகொண்டன. குழாய்க்குள் கல்லைப் போடும் பழக்கம் வேறொரு சோதனையிலிருந்தே அவற்றுக்கு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல் விழுந்தால் தண்ணீர் ஏறும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் 2014இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்காரர்கள் நியூ கலிடோனியக் காகங்களை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். மிதக்கும் பொருளும் மூழ்கும் பொருளும் கலந்து கிடந்தால் அந்தக் காகங்கள் பெரும்பாலும் மூழ்குவதையே எடுத்துப் போட்டன. நியூ கலிடோனியா ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் தீவு. அங்கே காட்டில் இந்தக் காகங்கள் என்ன செய்கின்றன தெரியுமா? தாழை இலை ஓரத்தில் முள் முள்ளாக இருக்குமே, அந்த ஓரத்தை அலகாலேயே நீளமாக நறுக்கி எடுத்து, முள் கொக்கி போல மாட்டும்படி பிடித்துக்கொண்டு மரப்பொந்துக்குள் விட்டுப் புழுவை இழுக்கின்றன. எங்கள் பக்கம் வாய்க்கால் கரையில் தாழம்புதர் இருக்கும். அதில் கையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தவள் நான், அந்த முள்ளுக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதே இனத்தில் பெட்டி என்று ஒரு பெண் காகம் ஆக்ஸ்போர்டில் இருந்தது. கூண்டில் வைத்திருந்த கொக்கிக் கம்பியைக் கூட இருந்த ஆண் காகம் தூக்கிக்கொண்டு போய்விட, பெட்டி அங்கே மிச்சமிருந்த நேர்க்கம்பியைத் தானே வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள் இருந்த சின்ன வாளியை மேலே தூக்கிவிட்டது. இது 2002இல் உலகம் முழுக்கச் செய்தியாக வந்தது.

சரி, அதெல்லாம் வெளிநாட்டுக் காகம், நம் ஊர்க் காகத்துக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் சத்துணவு அமைப்பாளராக 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் மதியம் குறைந்தது முப்பது காகங்களோடு என் பொழுது போனது, அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் புங்க மரத்தில் காலையில் இரண்டு மூன்றுதான் இருக்கும். மதியப் பெல் அடிப்பதற்குச் சற்று முன்னால் மதில் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும். குண்டானைத் திறக்கும்போது பக்கத்தில் வராது, பிள்ளைகள் தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போகும் நேரம்தான் அவற்றின் நேரம். அதிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் வரிசை ஓரமாகத்தான் இறங்கும், ஏனென்றால் அவர்கள்தான் நிறைய சிந்துவார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அவர்களில் ஒருவன் தரையில் பென்சில் எடுக்கக் குனிந்தால்கூட மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், ஆனால் நான் துடைப்பத்தோடு குனிந்து பெருக்கிக்கொண்டே போவேன், இரண்டடி தள்ளி நடந்துகொண்டிருக்கும். யார் குனிந்தால் கல், யார் குனிந்தால் துடைப்பம் என்று அவற்றுக்குத் தெரியும். முட்டையின் மஞ்சள் கருவைத் தின்னாமல் ஒளித்து வைக்கும் பிள்ளை எது என்பதை எனக்கு முன்னால் காகம் கண்டுபிடித்துவிடும்! தின்று மீந்ததைக் கூரை ஓட்டுக்கு அடியில் செருகி வைத்து, மேலே ஒரு காய்ந்த இலையை எடுத்து வைத்து மூடும். பக்கத்தில் இன்னொரு காகம் பார்த்துக்கொண்டிருந்தால் அதை மறுபடி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விளையாட்டைப் பற்றி. வயிறு நிறைந்த பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த வருஷத்துக் குஞ்சுகள், உருவத்தில் பெரியதாகியும் வாய்க்குள் இன்னும் சிவப்பாக இருக்கும், அவைதான் இதில் முன்னால் நிற்கும். சமையலறைத் தகரக் கூரை சரிவாக இருக்கும். ஒன்று சோடா மூடியைக் கவ்விக்கொண்டு உச்சிக்குப் போய் உருட்டிவிடும், அது கடகடவென்று ஓடிவந்து விளிம்பில் விழப்போகும்போது ஓடிப்போய்ப் பிடிக்கும், திரும்ப மேலே கொண்டுபோகும். ஏழெட்டுத் தடவை நானே எண்ணியிருக்கிறேன். அந்த மூடியில் தின்ன ஒன்றும் இல்லை. நாய் தூங்கினால் ஒன்று முன்பக்கம் போய் நிற்கும், இன்னொன்று பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும். எலும்பைத் திருடத்தான் அப்படிச் செய்கிறது என்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன், ஆனால் எலும்பே இல்லாத நாயின் வாலையும்தான் இழுக்கிறது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை நுனியில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடுவதும், காற்றை எதிர்த்து எழும்பி அப்படியே இறக்கையை மடக்கி விழுவதும், மறுபடி எழும்புவதும்... அதைப் பார்த்துக்கொண்டு நின்று எத்தனையோ நாள் கணக்கு நோட்டு எழுத மறந்திருக்கிறேன்.

ரஷ்யாவில் பனி மூடிய கூரை உச்சியில் ஒரு காகம் ஏதோ மூடி போன்ற வட்டமான ஒன்றை வைத்து, அதன்மேல் ஏறி நின்று சறுக்கி வருவதும், திரும்ப அதைத் தூக்கிக்கொண்டு மேலே போவதுமான வீடியோ ஒன்று 2012இல் எல்லா இடத்திலும் பரவியது. என் மகன் அதைக் காட்டியபோது என் தகரக் கூரைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ரேவன் என்ற பெரிய காக இனத்தைப் பல வருஷம் கூடவே இருந்து கவனித்த பெர்ண்ட் ஹைன்ரிச் என்ற அறிஞர், இளசுகள் கண்ணில் படும் புதுப் பொருள் ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டிப் பார்க்கின்றன, எது தின்னலாம் எது கூடாது என்று அப்படித்தான் கற்கின்றன என்கிறார். இருக்கலாம். ஆனால் கற்பது மட்டும்தான் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதில் உடம்புக்கு நல்லது இருக்கிறது என்பதற்காகவா அவர்கள் விளையாடுகிறார்கள்?

ஞாபக சக்தி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சித்திரை மாதம் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை நாய் கடித்துவிடுமே என்று எடுத்து மதில்மேல் வைத்தேன். நான் திருடுகிறேன் என்று தாயும் தகப்பனும் நினைத்துவிட்டன. அன்றிலிருந்து ஐப்பசி வரை நான் கேட்டைத் திறந்தாலே தலையில் கொத்த வரும். கூடவே வரும் சமையல் உதவியாளரை ஒன்றும் செய்யாது. புடவையை மாற்றிப் பார்த்தேன், குடை பிடித்துப் பார்த்தேன், முகம்தான் அவற்றுக்குக் கணக்கு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006இல் குகை மனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டாராம். பிறகு யார் அந்த முகமூடியைப் போட்டு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு கத்தின. அப்போதைய துணை அதிபர் டிக் செய்னியின் முகமூடி போட்டுப் போனவர்களை அப்படித் துரத்தவில்லை. வருஷங்கள் போகப் போகக் கத்தும் காகங்கள் கூடின, பிடிபடாத காகங்களும் குஞ்சுகளும்கூட அந்த முகத்தைத் தெரிந்துவைத்திருந்தன. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு காகம் அடிபட்டு விழுந்தால் ஊர்க் காகமெல்லாம் கூடிக் கத்துகிறதே, அதையும் அதே பல்கலைக்கழகத்தில் கெய்லி ஸ்விஃப்ட் என்ற பெண் ஆராய்ந்தார். செத்த காகத்தைக் கையில் வைத்திருந்தவரின் முகத்தைக் காகங்கள் வாரக்கணக்கில் மறக்கவில்லை. ஆபத்து எங்கே, யாரால் என்று அங்கே கூடித்தான் தெரிந்துகொள்கின்றன என்கிறார். நான் அதைத் துக்கம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், இரண்டும் இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இவ்வளவு புத்தி இருந்தால் குயிலிடம் ஏன் ஏமாறுகிறது என்று என் தம்பி கேட்டான், உங்கள் வாசகர்களும் கேட்பார்கள். ஆண் குயில் பக்கத்தில் வந்து கூவிக் காகங்களைத் துரத்த வைக்கும், அந்த நேரத்தில் பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையும் பார்க்கக் காக முட்டை போலவே இருக்கும், கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். சந்தேகப்பட்டுத் தள்ளினால் தன் முட்டையைத் தானே தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. எதிரியும் கெட்டிக்காரன் என்பதால் ஏமாறுவது புத்தி இல்லாததற்கு அடையாளம் ஆகாது.

ஆகவே அந்தக் குறிப்பு தவறு என்று அடுத்த ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள் ஐயா. மிருகக்காட்சி சாலைக்குப் போகாமல், காசு செலவழிக்காமல், ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒன்றுபோல வாசலில் நின்று பார்க்கக் கிடைக்கும் இவ்வளவு கெட்டிக்கார உயிர் இன்னொன்று இல்லை. அதற்கு ஒன்றும் தெரியாது என்று நாமே அச்சடித்துக் கொடுத்தால் அவர்கள் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார்கள். முடிந்தால் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, அவரவர் வீட்டுக் காகம் அந்த வாரம் என்ன செய்தது என்று பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என் பேத்தி எழுதிவிட்டாள், அவள் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"புதன்கிழமை. காக்கா முறுக்கைத் தொட்டித் தண்ணீரில் போட்டது. கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தது. ஊறிவிட்டதா என்று கொத்திப் பார்த்தது. ஊறவில்லை. திரும்பப் போட்டது."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
மன்னார்குடி வட்டம்.