கல்யாண கேசட்டில் பாதியைத் தொலைக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் அக்கா கல்யாணம் 1994-இல் நடந்தது. அந்த வி.எச்.எஸ். கேசட்டை ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் மாற்றி வாங்கினோம். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் தவில்காரர் கையை ஓங்கினாலோ யாராவது அட்சதை தூவினாலோ அந்த இடம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிளக்கிறது. கேட்டால், "பழைய கேசட், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். தவறு. கேசட்டில் இந்தக் குறையே கிடையாது.

நம் நாட்டு டிவி, வீடியோவுக்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 படம் என்பார்கள். உண்மையில் கேமரா பிடிப்பது 50 அரைப்படங்கள். ஃபீல்டு என்று பெயர். ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள், ஒவ்வொன்றிலும் 288. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் போய்விடுகிறது, அதற்குள் தவில்காரரின் கை வேறு இடத்துக்கு வந்துவிடும். பழைய பெட்டி டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியது, அதனால் நமக்குத் தெரியவில்லை. இப்போது இரண்டையும் ஒரே படமாகக் கோத்தால் பல் தெரியத்தானே செய்யும்?

மறுபடி போய்ச் சண்டை போட்டதும் வேறு ஃபைல் தந்தார்கள். பல் போயிருந்தது. எப்படி? ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை இரட்டித்திருக்கிறார்கள்! பட்டுப்புடவையின் சாய்ந்த கரை படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது, அசைவெல்லாம் வெட்டி வெட்டிப் போகிறது.

இதற்கு இலவச வழியே இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் உள்ள யாடிஃப் (yadif) ஃபில்டர், விடுபட்ட வரியை அதன் மேலும் கீழும் உள்ள வரிகளையும் முந்தைய, பிந்தைய ஃபீல்டுகளையும் பார்த்து நிரப்புகிறது. சும்மா விட்டால் 25 படம்தான் தரும். ஃபீல்டுக்கு ஒரு படம் என்று மாற்றிக் கேட்டால் 50 கிடைக்கும், அசைவு அன்று பார்த்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகும். அவிசிந்த் (AviSynth) என்ற இன்னொரு வீடியோ மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி (QTGMC) இன்னும் நல்லது. ரொம்ப மெதுவானது, ஆனால் பல ஃபீல்டுகளில் அசைவைத் தொடர்ந்து பார்ப்பதால் ஜரிகைக் கோடுகள் மினுமினுப்பது அடங்கிவிடும்.

எது முதல் ஃபீல்டு என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால் எல்லாரும் முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி என்று உதறுவார்கள், அதையும் பார்க்க வேண்டும். அப்புறம், ஃபீல்டைப் பிரிக்கும் முன்பே படத்தின் உயரத்தை மாற்றிவிட்டால் இரண்டு ஃபீல்டின் வரிகளும் கலந்துவிடும். அதைப் பிரித்து எடுக்க எந்த ஃபில்டராலும் முடியாது. சில கடைகளில் இதைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

கேசட் பூஞ்சை பிடித்துக்கொண்டே வருகிறது, இன்னொரு தடவை ஓடுமா என்று சொல்ல முடியாது. அதனால் கேசட் கொடுக்கிற எல்லாரும், எம்பி4 எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இரண்டு ஃபீல்டும் சேர்ந்த 576 வரியும் கை வைக்காமல் பதிவான மூல ஃபைலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர்களும் கேட்காமலே அதைக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கும்பகோணம்